காலையில மட்டும் எழுந்திருக்காத கம்ப்யூட்டர் (ராயக்கோட்டை ரோடு எடைமேடை ஆபீஸ்)

எடைமேடைக்காரன் | டிசம்பர் 8, காலை 9.40

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வே பிரிட்ஜ் கிருஷ்ணகிரி – ராயக்கோட்டை ரோட்டுல இருக்கு. ஆபீஸ்ல இருக்கறது ஒரே ஒரு கம்ப்யூட்டர், 2009ல அப்பா வாங்கினது. ஜி31 மதர்போர்டு, பென்டியம் டூயல் கோர், 2 ஜிபி டிடிஆர்2 ரேம், 160 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் எக்ஸ்பி. சீரியல் போர்ட்ல இண்டிகேட்டர் (எடையைக் காட்டற பெட்டி) ஒயர் வருது, பிரிண்டர் போர்ட்ல டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். வண்டி ஏறும், எடை விழும், சீட்டு கிழியும். அதைத் தாண்டி அதுக்கு வேற வேலை எதுவும் கிடையாது.

ஒரு மாசமா காலையில பட்டனை அமுக்கினா ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடுது. திரும்ப அமுக்கினா அதே கதை. எட்டு தடவை, பத்து தடவை அமுக்கின பிறகு ஒரு தடவை பிடிச்சுக்கும். பிடிச்சுட்டா ராத்திரி வரைக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. மத்தியானம் நானே ரெண்டு தடவை அணைச்சுப் போட்டுப் பாத்தேன், ஒரே அமுக்குல வருது.

காலை அஞ்சரைக்கே தக்காளி வண்டியும் கிரானைட் வண்டியும் வரிசை கட்டிடும். நான் உள்ள பட்டனோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், வெளிய டிரைவருங்க ஹாரன் அடிக்கறாங்க.

டவுன்ல ஒரு மெக்கானிக் எடுத்துட்டுப் போய் ரெண்டு நாள் வச்சிருந்தாரு. "நூறு தடவை போட்டுப் பாத்துட்டேன், ஒரு குறையும் இல்லை"ன்னு 300 ரூபா வாங்கிட்டுக் கொடுத்தாரு. மறுநாள் காலையில பழைய குருடி கதவைத் திறடி. என்ன பண்ணலாம்?

---

பாலக்கோடு பிரவுசிங் | டிசம்பர் 8, காலை 10.05

ரேம்தான். கண்ணை மூடிட்டுச் சொல்வேன். கழட்டி, தங்கக் கலர் பட்டையை அழிரப்பரால தேச்சு மாட்டுங்க. பத்து வருஷம் பிரவுசிங் சென்டர் நடத்தினவன், எத்தனை மெஷினை அழிரப்பராலயே எழுப்பியிருப்பேன்னு எனக்கே கணக்கு தெரியாது.

---

மினி பிசி பையன் | டிசம்பர் 8, காலை 10.22

அண்ணா, 2009 மெஷினா? அதுக்குச் செலவு பண்ற காசுக்கு உள்ளங்கை அளவுல ஒரு மினி பிசி வாங்கிடலாம். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல்லயே கும்பிடு போட்டுடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்கு?

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 8, மதியம் 1.15

பாலக்கோட்டு அண்ணா, ரேமைப் போன வாரமே தேச்சுட்டேன். அன்னைக்கு உடனே வந்துச்சு. மறுநாள் மறுபடி அதேதான்.

தம்பி, நீ சொல்றது நியாயம்தான். ஆனா எங்க சாஃப்ட்வேருக்கு ஒரு பூட்டு இருக்கு. பிரிண்டர் போர்ட்ல ஒரு சாவி மாதிரி சொருகி, அதுக்குப் பின்னால பிரிண்டர் கேபிளை மாட்டணும். அந்தச் சாவி இல்லைன்னா சாஃப்ட்வேர் திறக்காது. எழுதிக் கொடுத்தவரு நம்பர் இப்போ உபயோகத்துல இல்லை. புது மெஷின்ல அந்த போர்ட்டே கிடையாதுன்னு சொல்றாங்க.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | டிசம்பர் 8, மதியம் 1.31

சாவி சமாச்சாரம் உண்மை. யூஎஸ்பியில இருந்து பிரிண்டர் போர்ட்டுக்கு மாத்தற கேபிள் பிரிண்டரை மட்டும்தான் ஓட்டும், இந்த மாதிரி சாவியைப் படிக்காது. சீரியலுக்கு யூஎஸ்பி கேபிள் சரிப்பட்டு வரும். அதுலயும் பழைய சாஃப்ட்வேர் சீரியல் போர்ட் நம்பர் காம்1-ல இருந்து காம்4 வரைக்கும்தான் பாக்கும், கேபிள் போய் காம்7-ன்னு உக்காரும். டிவைஸ் மேனேஜர்ல நம்பரை மாத்தணும். அது அப்புறம்.

ப்ரோ, முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. பீப் சத்தம் வருதா? ஃபேன் நிக்கறதுக்கு எத்தனை செகண்ட் ஆகுது? போர்டு மேல சின்ன லைட் எரியுதா, மினுக்குதா? ராத்திரி சுவர் சுவிட்சை அணைக்கறீங்களா, விட்டுடறீங்களா?

---

பென்னாகரம் ஒயர்மேன் | டிசம்பர் 8, மாலை 6.50

வேலை முடிச்சுட்டு இப்பதான் பாத்தேன். யாரும் எர்த்தைப் பத்திக் கேக்கலையே. எடைமேடைன்னா இரும்புத் தளம், ரோட்டோரம், பாறை மேல ஆபீஸ். செருப்பு இல்லாம நின்னு கேபினெட்டைத் தொட்டா விறுவிறுன்னு இருக்குமாண்ணா?

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 8, இரவு 8.10

ஐயோ, ஆமாங்க! புறங்கை பட்டா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். பழைய மெஷின்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டோம்.

---

பென்னாகரம் ஒயர்மேன் | டிசம்பர் 8, இரவு 8.34

மெஷினுக்கு வயசானதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லை. எஸ்எம்பிஎஸ்குள்ள (கம்ப்யூட்டருக்குக் கரண்டை மாத்திக் கொடுக்கற பெட்டி) கரண்ட் நுழையற இடத்துல ரெண்டு சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்ல இருந்து பாடிக்கு, இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து பாடிக்கு. வேண்டாத அதிர்வெல்லாம் எர்த்துக்குப் போகட்டும்னு வச்சிருக்காங்க. எர்த் இல்லைன்னா போக வழி இல்லாம பாடி மேல 110 வோல்ட் பக்கம் மிதக்கும். கரண்ட் ரொம்பக் கம்மி, அதனால ஆளைக் கொல்லாது. ஆனா அந்தப் பாடியோடதான் உங்க இண்டிகேட்டர் ஒயரும் கட்டியிருக்கு.

மூணு பின் சாக்கெட் இருக்கறதாலயே எர்த் இருக்குன்னு அர்த்தம் இல்லை. மேல் ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்லாத சாக்கெட்டை இந்த ரெண்டு மாவட்டத்துலயும் தினம் பாக்கறேன். ஒயர் இருந்தாலும் எர்த் குழி காஞ்சு கிடக்கும். நம்ம பக்கம் நாலு அடிக்குக் கீழ பாறைதான். கரியும் உப்பும் போட்ட அன்னைக்கு நல்லா இருக்கும், அதுக்கப்புறம் தண்ணி ஊத்த யாருக்கும் ஞாபகம் வராது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவுல ஒரு 100 வாட் குண்டு பல்பைப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் போட்டா எரியற அதே வெளிச்சத்துல எரியணும். மங்கினா குழி செத்துப் போச்சு. இதை நீங்களே செய்யாதீங்க, உங்க ஊர் ஒயர்மேனைக் கூப்பிடுங்க. உங்க கம்ப்யூட்டர் எழாததுக்கு இதுதான் காரணம்னு நான் சொல்லலை. ஆனா இதைச் சரி பண்ணாம மத்ததுல கை வைக்காதீங்க.

---

அரூர் லேப் டீச்சர் | டிசம்பர் 8, இரவு 9.02

எங்க பள்ளி லேப்லயும் இதே ஜி31 மெஷின் 14 இருக்கு, அதனால கேக்கறேன். சீட்டுல தேதி சரியா விழுதா?

அப்புறம், எடைக் கணக்கு ஃபைலை வேற எங்கயாவது காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 9, காலை 7.20

ஒவ்வொண்ணா சொல்றேன்.

பீப் வரலை. ஃபேன் ஒரு செகண்டுக்குள்ள நின்னுடுது. போர்டுல பச்சை லைட் இருக்கு. இன்னைக்குக் கவனிச்சுப் பாத்தேன், காலையில அது மங்கலா நடுங்குது. மெஷின் வந்த பிறகு நல்லா எரியுது.

தேதியைக் கேட்டீங்களே டீச்சர், போன வாரம் ஒரு புளி லோடுக்கு 01.01.2009ன்னு சீட்டு விழுந்து, வியாபாரி "எங்க தாத்தா காலத்துப் புளியா இது"ன்னு கேட்டுட்டாரு. இப்போ தினமும் கையால தேதி போடறேன்.

காப்பி எடுக்கலை.

சுவர் சுவிட்சை தினம் அணைச்சுடுவோம். 2019ல இடி விழுந்து ஒரு இண்டிகேட்டர் போச்சு, அதுல இருந்து பழக்கம். ஆனா நைட்ஷிப்ட் அண்ணா கேட்ட பிறகுதான் ஒண்ணு ஞாபகம் வருது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு நாள் பையன் சுவிட்சை அணைக்க மறந்துட்டான். மறுநாள் காலை நல்ல குளிரு, ஆனா மெஷின் முதல் அமுக்குலயே வந்துச்சு. அன்னைக்கு அதைப் பெருசா எடுத்துக்கலை.

---

அரூர் லேப் டீச்சர் | டிசம்பர் 9, காலை 7.41

காப்பி எடுக்கலையா! பத்து வருஷத்துக்கு மேல உள்ள கணக்கு, 2009 டிஸ்க்குல, தினம் பத்து தடவை கரண்ட் வந்து வந்து போகுது. ஒவ்வொரு அரைச் சுத்துக்கும் அந்த டிஸ்க்கும் எழுந்து எழுந்து விழுதுன்னு நினைச்சுப் பாருங்க. இன்னைக்கு மெஷின் வந்திருக்கு இல்லையா? அணைக்கறதுக்கு முன்னாடி எடைக் கணக்கு இருக்கற அந்த எம்டிபி ஃபைலைப் பென் டிரைவ்ல ரெண்டு காப்பி போடுங்க. பட்டன் விவகாரத்தை அப்புறம் பாத்துக்கலாம்.

தேதி போறது பேட்டரி. சிஆர்2032, காசு மாதிரி இருக்கும். 3 வோல்ட் இருக்கணும். சுவர் சுவிட்ச் போட்டிருந்தா கடிகாரம் எஸ்எம்பிஎஸ் கரண்ட்ல ஓடும். நீங்க தினமும் அணைக்கறதால ராத்திரி முழுக்கப் பேட்டரியைத்தான் தின்னும். மாத்திடுங்க. ஆனா ஃபேன் நிக்கறதுக்கு அது காரணமா இருக்கும்னு எனக்குத் தோணலை.

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 9, காலை 11.15

தர்மபுரியில ரேடியோ, டிவி ரிப்பேர் பாத்தவன். இப்போ கண்ணு சரியில்லை, பேத்தி டைப் பண்றா.

தம்பி, நீ சுவிட்சை மறந்த கதையைச் சொன்ன பாரு, அதுல பாதி ரிப்பேர் முடிஞ்சுது.

பட்டனை அமுக்கினா கரண்ட் பட்டன் வழியா போறதா எல்லாரும் நினைக்கறாங்க. அப்படி இல்லை. சுவர்ல சுவிட்ச் போட்ட உடனே, கம்ப்யூட்டர் அணைஞ்சிருக்கும்போதே, எஸ்எம்பிஎஸ் ஊதா ஒயர்ல 5 வோல்ட் கொடுத்துக்கிட்டே இருக்கணும். வாட்ச்மேன் மாதிரி அது தூங்காது. நீ பட்டனை அமுக்கினா போர்டு அந்த 5 வோல்ட்டை வச்சுத்தான் முழிச்சு, பச்சை ஒயரைக் கீழ இழுத்து, "பெரிய கரண்டை விடு"ன்னு சொல்லும். 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் எல்லாம் நிலைக்கு வந்த பிறகு, அரை செகண்டுக்குள்ள, எஸ்எம்பிஎஸ் சாம்பல் ஒயர்ல "எல்லாம் சரி"ன்னு சைகை கொடுக்கும். அதுக்கப்புறம்தான் பிராசசர் கண்ணைத் திறக்கும். வாட்ச்மேனே தள்ளாடினா ஃபேன் அரைச் சுத்து சுத்தி நின்னுடும்.

ஏன் தள்ளாடுது? அந்தச் சின்ன சர்க்யூட்ல ரெண்டு மூணு எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் இருக்கும். உள்ள ஈரம் இருக்கணும். அலுமினிய ஹீட் சிங்க் பக்கத்துலயே வச்சிருப்பான், வருஷக் கணக்குல சூடு பட்டு ஈரம் காஞ்சு போகும். காஞ்ச கெப்பாசிட்டர் வெயில்ல ஒப்பேத்தும், குளிர்ல ஒப்பேத்தாது, அதோட உள்தடை குளிர்ல ஏறும். ராத்திரி சுவிட்ச் போட்டிருந்தா அந்தச் சர்க்யூட் தானே கதகதன்னு இருக்கும். அணைச்சுட்டா உங்க ஊர் குளிரு முழுக்க உள்ள இறங்கும். உன் எஸ்எம்பிஎஸ் எந்த வருஷத்துது?

---

அரூர் லேப் டீச்சர் | டிசம்பர் 9, மதியம் 12.50

தாத்தா, ஒரு சந்தேகம். எங்க லேப்ல கோடை லீவு முடிஞ்சு ஜூன்ல திறக்கும்போதுதான் நாலஞ்சு மெஷின் எழாது. ஜூன்ல அரூர்ல குளிரு ஏது? அப்போ குளிர்தான் காரணம்னு எப்படிச் சொல்றது?

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 9, மாலை 4.20

நல்ல கேள்விம்மா. குளிரும் ஒரு காரணம், கரண்ட் இல்லாம சும்மா கிடக்கறதும் ஒரு காரணம். கெப்பாசிட்டருக்குள்ள ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கு, கரண்ட் இருக்கற வரைக்கும் அது தன்னைத்தானே பராமரிச்சுக்கும். ரெண்டு மாசம் சும்மா கிடந்தா பலவீனமாகும். உங்க லேப்ல ரெண்டாவது காரணம். தம்பி மெஷின்ல ஒரு ராத்திரிதானே, அதனால குளிர்தான் பெரிய பங்கு. ரெண்டுக்கும் ஆளு ஒண்ணுதான், அந்தக் காஞ்ச கெப்பாசிட்டர்.

---

பாலக்கோடு பிரவுசிங் | டிசம்பர் 9, மாலை 5.05

தாத்தா சொல்றதைப் படிச்சா எனக்கே என் அழிரப்பர் மேல சந்தேகம் வருது. காலையில ஒன்பது மணிக்குக் கடையைத் திறப்பேன், மெஷின் வராது. கேபினெட்டைக் கழட்டி, ரேமை எடுத்து, தேச்சு, ஊதி, திரும்ப மாட்டறதுக்குள்ள பத்து மணி ஆயிடும், வெயில் கடைக்குள்ள வந்துடும். மெஷினும் வந்துடும். பேர் என்னவோ அழிரப்பருக்குப் போயிருக்கு.

ஆனாலும் நீளமா பீப் அடிச்சா ரேம்தான். அதை விட்டுக் கொடுக்க மாட்டேன்.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | டிசம்பர் 9, மாலை 5.30

அந்த மெக்கானிக் மேலயும் தப்பில்லை. அவர் கடையில பெஞ்சு மேல நாள் முழுக்க பிளக் போட்டே இருந்திருக்கும். நூறு தடவை போட்டாலும் வரத்தான் செய்யும்.

---

மினி பிசி பையன் | டிசம்பர் 9, மாலை 5.48

எஸ்எம்பிஎஸ்னா சுலபமா பாக்கலாமே. 24 பின் கனெக்டரைக் கழட்டி, பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால சேத்தா ஃபேன் ஓடும். ஓடினா எஸ்எம்பிஎஸ் நல்லது, கோளாறு போர்டுல.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | டிசம்பர் 9, மாலை 6.02

ஓடலைன்னா எஸ்எம்பிஎஸ் கெட்டதுன்னு சொல்லலாம். ஓடினா நல்லதுன்னு சொல்ல முடியாது. சும்மா ஒரு ஃபேனைச் சுத்தறதுக்குப் பெரிய பலம் எதுவும் வேண்டாம். அதுவும் மத்தியானம் பண்ணிப் பாத்தா ஒண்ணுமே தெரியாது.

எடைமேடை ப்ரோ, மல்டிமீட்டர் இருக்கா? 20 வோல்ட் டிசி-ல வைங்க. கறுப்பு முனையை ஏதாவது ஒரு கறுப்பு ஒயர் பின் பக்கத்துல சொருகுங்க, சிவப்பு முனை ஊதா ஒயர்ல. கனெக்டரைப் போர்டுல இருந்து கழட்ட வேண்டாம், பின்பக்கமாவே சொருகலாம். நாளைக்குக் காலையில, மெஷினை எழுப்பறதுக்கு முன்னாடி, சுவர் சுவிட்சை மட்டும் போட்டுட்டுப் பாருங்க. 4.75-க்கும் 5.25-க்கும் நடுவுல இருக்கணும். மத்தியானம் பாத்துச் சொல்லாதீங்க, அதுல பிரயோஜனம் இல்லை.

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 10, காலை 6.48

அண்ணா, விரல் மரத்துப் போச்சு, அப்படியே டைப் பண்றேன். ஆபீஸ் சுவத்து தெர்மாமீட்டர்ல 14 டிகிரி.

5.35: ஊதா ஒயர் 3.4. நிலையா இல்லை, 3.4-க்கும் 4.1-க்கும் நடுவுல ஆடுது. பட்டன் அமுக்கினா அரைச் சுத்து.
5.45: 4.3. அரைச் சுத்து.
5.58: 4.7. ரெண்டு சுத்து, நின்னுடுச்சு.
6.06: 4.9. வந்துடுச்சு.

அதாவது நான் பத்து தடவை அமுக்கினதால வரலை. அமுக்காம டீக்கடைக்குப் போயிட்டு வந்திருந்தாலும் அதே நேரத்துக்குத்தான் வந்திருக்கும் போல.

நேத்தே காப்பி எடுத்துட்டேன் டீச்சர். ஒண்ணு பென் டிரைவ், ஒண்ணு பையனோட லேப்டாப். பேட்டரியும் மாத்தியாச்சு. பழசுல 2.3 வோல்ட்தான் இருந்துச்சு. எஸ்எம்பிஎஸ் 2016ல மாத்தினது தாத்தா. 450 வாட்னு ஸ்டிக்கர் இருக்கு, கையில எடுத்தா இட்லிப் பாத்திர மூடி கனம்கூட இல்லை.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | டிசம்பர் 10, காலை 7.10

முடிஞ்சுது. எஸ்எம்பிஎஸ்தான்.

இன்னும் சந்தேகம் இருந்தா நாளைக்கு ஒரு வேலை பண்ணுங்க. எதையும் திறக்க வேண்டாம். பின்பக்க ஜன்னல் வழியா ஹேர் டிரையரால மூணு நிமிஷம் சூடு காட்டிட்டு அளந்து பாருங்க.

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 10, காலை 9.30

டிரையர் காட்டறது சோதனைக்கு மட்டும்தான். இதையே தினசரி வைத்தியமா வச்சுக்காதே. கிரானைட் தூளையும் சேத்து உள்ள ஊதி விடுவே.

இன்னொண்ணு. இந்த இழையைப் படிக்கற மத்த பிள்ளைங்களும் கேட்டுக்கோங்க. எஸ்எம்பிஎஸ் பெட்டியை யாரும் திறக்காதீங்க. உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 325 வோல்ட் டிசி நிக்கும், 230 ஏசி-யை நேராக்கினா அவ்வளவு வரும். பிளக்கைப் பிடுங்கின பிறகும் நிக்கும். நான் ஒரு தடவை வாங்கியிருக்கேன், ஸ்டூலோட விழுந்தேன். ஊதா ஒயர் கெப்பாசிட்டர் ரெண்டு மூணு ரூபா சாமான்தான், எனக்கு மாத்தத் தெரியும். ஆனா ஒன்பது வருஷம் ஓடின மட்டமான பெட்டிக்கு அதைச் செய்யச் சொல்ல மாட்டேன். அது ஒண்ணு காஞ்சிருந்தா மத்ததும் காயற நேரம்தான். புதுசு வாங்கு.

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 11, காலை 7.05

பக்கத்து சலூன்ல டிரையர் வாங்கிட்டு வந்தேன். காலங்காத்தால எதுக்குடான்னு அவருக்குச் சிரிப்பு. 5.40-க்கு 3.5. மூணு நிமிஷம் சூடு. 5.0. முதல் அமுக்குலயே வந்துடுச்சு!

புது எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் வாங்கணும்? கடையில 600, 700-ன்னு சொல்றாங்க.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | டிசம்பர் 11, காலை 7.40

உங்க மெஷின் மொத்தமா 100 வாட்கூடத் தின்னாது. பிராசசர் 65 வாட் வகை, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. வாட் எண்ணை விட்டுட்டு ஸ்டிக்கர்ல 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர்னு பாருங்க. கையில தூக்கிப் பாருங்க, கனம் இருக்கணும். வாரண்டி எத்தனை வருஷம்னு கேளுங்க. நல்ல கம்பெனி 400, 450 வாட் போதும். போர்டுக்கு 24 பின், பிராசசருக்கு 4 பின், டிஸ்க்குக்கு சாட்டா, பழைய சிடி டிரைவ் இருந்தா பெரிய நாலு பின் கனெக்டர், இதெல்லாம் இருக்கான்னு பாத்து வாங்குங்க. நான் சனிக்கிழமை பெங்களூர் எஸ்.பி. ரோடு போறேன், வேணும்னா வாங்கிட்டு வரேன். ஓசூர்ல வந்து எடுத்துக்கலாம்.

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 16, காலை 6.00

அண்ணா வாங்கித் தந்த எஸ்எம்பிஎஸ் மாட்டி ரெண்டு நாள் ஆச்சு. ஊதா 5.06. நடுக்கமே இல்லை. ரெண்டு நாளும் ஒரே அமுக்கு. ஒயர்மேன் வந்து எர்த் குழியைத் தோண்டிப் பாத்தாரு, ஒயர் குழாயை விட்டே அறுந்து கிடந்துச்சு. புதுசா கட்டி, கரி உப்பு போட்டு, அஞ்சு குடம் தண்ணி ஊத்தினோம். இப்போ கேபினெட்டைத் தொட்டா விறுவிறுப்பே இல்லை. எல்லாருக்கும் நன்றி.

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 19, காலை 6.32

அவசரப்பட்டு நன்றி சொல்லிட்டேன்.

இன்னைக்கு ஃபேன் நல்லா ஓடுது, நிக்கவே இல்லை. ஆனா திரையில ஒண்ணும் வரலை, பீப்பும் வரலை. அணைச்சுப் போட்டா நாலாவது தடவை வந்துச்சு. ஊதா ஒயர் 5.06தான் காட்டுது. புது எஸ்எம்பிஎஸ்ஸும் போச்சா?

---

பாலக்கோடு பிரவுசிங் | டிசம்பர் 19, காலை 7.15

இப்போ ரேமைச் சொல்லலாமா?

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 19, காலை 9.10

சொல்லலாம், பீப் இல்லாம இருக்கறதுதான் உதைக்குது. தம்பி, இது வேற நோய். முன்ன வாட்ச்மேன் விழுந்தான், இப்போ எஜமான், அதாவது பிராசசர், முழிக்கலை. கேபினெட்டைத் திறந்து, பிராசசர் ஃபேனைச் சுத்தி நிக்கற உருளை கெப்பாசிட்டரையெல்லாம் டார்ச் அடிச்சுப் பாரு. தலையில கூட்டல் குறி மாதிரி கீறல் இருக்கும். தலை தட்டையா இருக்கணும். ஆப்பம் மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பா ஏதாவது கசிஞ்சு காஞ்சிருந்தாலோ சொல்லு.

---

எடைமேடைக்காரன் | டிசம்பர் 19, காலை 9.50

மூணு உப்பியிருக்கு தாத்தா. ஒண்ணுல பழுப்புக் கறை. மேல 6.3 வோல்ட், 1500 மைக்ரோ ஃபேரட்னு போட்டிருக்கு. தூசி ஒரு கால் கிலோ இருக்கும், அதுக்கு அடியில ஒளிஞ்சிருந்துச்சு.

பழைய எஸ்எம்பிஎஸ் இருந்தப்ப இது ஏன் தெரியலை?

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 19, காலை 11.40

முன்னாடி நீ மெஷினை எழுப்பி முடிக்கறதுக்குள்ள அரை மணி ஆயிடும். அந்த அரை மணியில இதுவும் கொஞ்சம் சூடாகியிருக்கும். இப்போ அஞ்சரை மணிக்கே நேரா வேலைக்குக் கூப்பிடறே, வண்டவாளம் தெரியுது. பழைய எஸ்எம்பிஎஸ் அலை அலையா கரண்ட் கொடுத்து இதுங்களை இன்னும் வேகமா காய வச்சிருக்கவும் கூடும். அது என் ஊகம்.

போர்டைக் கொண்டா. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்து போன் பண்ணு. பேத்தி நம்பர் தனி மெசேஜ்ல அனுப்பறா. கெப்பாசிட்டர் வாங்கும்போது 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள்தடை கம்மி) வகைன்னு கேட்டு வாங்கு. வோல்ட் கூட இருந்தா பரவாயில்லை, கம்மியா வாங்காதே. தடிமனையும் அளந்துக்கோ, இல்லைன்னா பிராசசர் கிளிப் இடிக்கும். மூணுதான் உப்பியிருக்குன்னு மூணு மட்டும் வாங்காதே, அந்த வரிசையில எத்தனை நிக்குதோ அத்தனையும் வாங்கு.

---

மினி பிசி பையன் | டிசம்பர் 19, மதியம் 12.05

நாமளே வீட்டுல சால்டர் பண்ண முடியாதா தாத்தா? 25 வாட் அயர்ன் இருக்கு.

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 19, மாலை 3.30

25 வாட்ல ரேடியோ செய்யலாம். மதர்போர்டுல நெகட்டிவ் கால் அடுக்கு அடுக்கா இருக்கற செம்புத் தகட்டோட ஒட்டியிருக்கும். நீ வைக்கற சூட்டையெல்லாம் அது குடிச்சுடும், ஈயம் உருகாது. பொறுமை இழந்து இழுப்பே, கால் கூடவே ஓட்டை ஓரத்துச் செம்பும் பிஞ்சு வரும், போர்டு குப்பைக்குப் போகும். 60 வாட் வேணும், பழைய ஈயத்து மேல புது ஈயம் கொஞ்சம் வச்சா சீக்கிரம் இளகும். கழட்டறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துக்கோ. நிழல் போட்ட பக்கம்தான் நெகட்டிவ்னு எல்லாப் போர்டையும் நம்ப முடியாது. தலைகீழா மாட்டினா பட்டாசுதான்.

---

அரூர் லேப் டீச்சர் | டிசம்பர் 19, இரவு 8.15

எங்க 14 மெஷினையும் இன்னைக்குத் திறந்து பாத்தேன். அஞ்சுல உப்பியிருக்கு. அதுல மூணு, ஜூன்ல எழாத அதே மெஷின்கள். அரையாண்டு லீவுல தாத்தாவைப் பாக்க வரலாமா?

---

சால்டரிங் தாத்தா | டிசம்பர் 19, இரவு 8.40

வாம்மா. (தாத்தா கண்ணாடியை மாத்தச் சொல்லியிருக்காங்க, அதனால அயர்ன் பிடிக்கப் போறது நான்தான். அவர் பக்கத்துல உக்காந்து திட்டுவாரு. – பேத்தி)

---

எடைமேடைக்காரன் | ஜனவரி 4, காலை 6.10

டிசம்பர் 22ல போர்டு தயாராச்சு. வரிசையில இருந்த ஏழு கெப்பாசிட்டரையும் மாத்தினாங்க. தாத்தாவோட பேத்திதான் சால்டர் பண்ணுச்சு, தாத்தா நிஜமாவே திட்டிக்கிட்டே இருந்தாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு, ரெண்டு கிலோ புளி கொடுத்துட்டு வந்தேன்.

பதிமூணு நாள் ஆச்சு. மார்கழிக் குளிரு, நேத்து 12 டிகிரி. தினம் சுவர் சுவிட்சை அணைக்கறேன், தினம் காலையில ஒரே அமுக்கு. டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு காப்பி எடுத்து அலமாரியில வச்சுட்டேன். அதே ஜி31 போர்டு ஒண்ணு பழைய சாமான் கடையில 400 ரூபாய்க்குக் கிடைச்சுது, அதுவும் பிரிண்டர் போர்ட்டோட. சாவி அதுலயும் வேலை செய்யுதுன்னு போட்டுப் பாத்துட்டேன்.

இண்டிகேட்டரையும் திறந்து தூசி தட்டலாமான்னு பையன் கேட்டான். அதுல எடையளவு அதிகாரிங்க வச்ச முத்திரை இருக்கு, கை வைக்காதேன்னு சொல்லிட்டேன்.

இப்போ சீட்டுல எழுத்து மங்கலா விழுது. ரிப்பனை மாத்தியும் அப்படியேதான் இருக்கு. காலையில மட்டும்.

---

ஓசூர் நைட்ஷிப்ட் | ஜனவரி 4, காலை 6.25

ப்ரோ, அதுக்குப் புது இழை போடுங்க. எத்தனை மணிக்கு மங்குது, எத்தனை மணிக்குச் சரியாகுதுன்னு குறிச்சு வச்சுட்டு வாங்க.